பெர்ட் ஷெப்பர்ட்: ஒரே ஆட்டத்தின் கணக்கு

பெர்ட் ஷெப்பர்டைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் அவர் போரில் இழந்த காலில்தான் தொடங்குகிறார்கள். நாம் அவருடைய கணக்கில் தொடங்குவோம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே ஒரு நாள் களம் இறங்கியவருக்கும் பதிவேட்டில் இடம் உண்டு. இருபது வருஷம் ஆடியவருக்கு இருபது வரி, ஒரு வருஷம் ஆடியவருக்கு ஒரு வரி. ஷெப்பர்டுக்குக் கிடைத்தது ஒரு வரி. 1945, வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி, இடக்கைப் பந்து வீச்சாளர். ஆட்டம் 1, இன்னிங்ஸ் 5⅓, கொடுத்த ஹிட் 3, ரன் 1, வாக் 1, ஸ்டிரைக் அவுட் 2. வெற்றி இல்லை, தோல்வி இல்லை. சராசரி 1.69.

கிரிக்கெட் கணக்கில் ஊறிய நமக்கு இதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் அவுட் ஆனதும் மட்டை அடுத்த அணியின் கைக்குப் போகும். எனவே ஓர் அவுட் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு இன்னிங்ஸ் வீசியதாகக் கணக்கு. தன் பொறுப்பில் விழுந்த ரன்களை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் பிட்சரின் சராசரி வந்துவிடும். ஒரு முழு ஆட்டத்தையும் இவரே வீசினால் எத்தனை ரன் போகும் என்பதை அது சொல்கிறது. மூன்றுக்குக் கீழே என்றால் நல்ல பிட்சர். இரண்டுக்குக் கீழே என்பது ஒரு பருவம் முழுக்க வீசியவர்களில் வெகு சிலருக்கே வாய்த்திருக்கிறது.

ஐந்து இன்னிங்ஸை வைத்து ஒருவரின் திறமையை முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் அந்த வரியில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. காலைப் பற்றி ஒரு சொல்கூட அதில் கிடையாது. மட்டையோடு நின்றவர்களும், அவர்கள் அடித்ததும், அடிக்க முடியாமல் போனதும் மட்டுமே அதில் பதிவாகியிருக்கின்றன.

சென்ற வாரம் போர்க்கால பேஸ்பாலைப் பார்த்தோம். 1942 ஜனவரி 15 அன்று அதிபர் ரூஸ்வெல்ட், பேஸ்பால் ஆணையர் லாண்டிஸுக்குக் கடிதம் எழுதினார். போர் நடந்தாலும் ஆட்டம் நிற்கக் கூடாது, உழைத்துக் களைத்த மக்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்டம் நிற்கவில்லை. ஆடுபவர்கள்தான் போய்விட்டார்கள். மேஜர் லீக் வீரர்கள் 500 பேருக்கு மேல் சீருடை மாற்றினார்கள். பாப் ஃபெல்லர் கடற்படைக்குப் போனார், டெட் வில்லியம்ஸ் மரைன் படையில் விமானியானார். காலியான இடங்களை வயதானவர்களும் சிறுவர்களும், ராணுவம் உடல்தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பியவர்களும் நிரப்பினார்கள். 1944இல் சின்சினாட்டி அணிக்காக ஜோ நக்ஸ்ஹால் பந்து வீசியபோது அவருக்கு வயது 15. 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் வலது கை இல்லாத பீட் கிரே 77 ஆட்டம் ஆடினார்.

மேஜர் லீக்கில் ஆடியவர்களில் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தவர்கள் இருவர். இருவருடைய ஆட்டக் கணக்கும் சின்னஞ்சிறியது. ஹாரி ஓநீல் 1939இல் பிலடெல்பியா அணிக்கு ஒரே ஓர் ஆட்டத்தில் கேட்சராக நின்றார், மட்டை பிடிக்கும் முறைகூட வரவில்லை. 1945 மார்ச்சில் இவோ ஜிமா தீவில் இறந்தார். எல்மர் கெடியன் அதே 1939இல் ஐந்து ஆட்டம் ஆடியவர். 1944 ஏப்ரல் 20 அன்று பிரான்ஸின் மேல் அவர் ஓட்டிய குண்டு வீச்சு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. கெடியன் ஆடிய அணி வாஷிங்டன் செனட்டர்ஸ். அவர் இறந்து சரியாக ஒரு மாதமும் ஒரு நாளும் ஆனபோது ஷெப்பர்டின் விமானமும் விழுந்துவிட்டது.

ராபர்ட் ஏர்ல் ஷெப்பர்ட் 1920 ஜூன் 28 அன்று இண்டியானா மாநிலத்தின் டானா என்ற சிற்றூரில் பிறந்தார். போர்முனையிலிருந்து சாதாரணச் சிப்பாய்களின் வாழ்க்கையை எழுதி அமெரிக்கா முழுவதையும் படிக்க வைத்த எர்னி பைல் என்ற பத்திரிகையாளரும் டானாக்காரர்தான். போருக்கு முன்பு ஷெப்பர்ட் மைனர் லீக் என்று சொல்லப்படும் கீழ்நிலை அணிகளில் சுற்றித் திரிந்த ஒரு சாதாரண இடக்கைப் பிட்சர். வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. பந்து பேட்டர் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கு மேலே வராமல் அங்கும் இங்கும் போய், பேட்டர்கள் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடுவார்கள்; அதுதான் வாக். இப்படிப்பட்ட இடக்கை இளைஞர்கள் அன்றைய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போர் வராமல் இருந்திருந்தால் இவர் மேஜர் லீக்கை எட்டியிருப்பாரா என்று கேட்டால், எட்டியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

1942இல் ராணுவத்தில் சேர்ந்தார். விமானியாகப் பயிற்சி பெற்று இங்கிலாந்தின் வார்மிங்ஃபோர்ட் தளத்தில் 55ஆம் போர் விமானக் குழுவுக்கு வந்தார். இரட்டை எஞ்சின், இரட்டை வால் கொண்ட பி-38 லைட்னிங் அவருடைய விமானம். 1944 மார்ச் 3 அன்று பெர்லின் வானத்துக்கு முதன்முதலில் போய் வந்த அமெரிக்கப் போர் விமானங்கள் இந்தக் குழுவினுடையவைதான். பறக்காத நேரத்தில் ஷெப்பர்ட் தளத்திலேயே பேஸ்பால் அணி சேர்த்தார், மைதானம் ஒழுங்கு செய்தார். மே 21 அன்று ஓர் ஆட்டம் இருந்தது. காலையில் பறந்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார். அது அவருடைய 34ஆவது பயணம்.

வட ஜெர்மனியில் தாழப் பறந்து தாக்கும்போது தரையிலிருந்து வந்த குண்டு விமானத்தின் அடிப்பகுதியைத் துளைத்து அவருடைய வலது காலைச் சிதைத்தது. தலையிலும் அடி. அவர் நினைவு தப்பிக் கிடக்க, விமானம் லுட்விக்ஸ்லுஸ்ட் அருகே ஒரு வயலில் போய் மோதியது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் ஷெப்பர்டுக்குத் தெரியாது. கண் விழித்தபோது மருத்துவமனையில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வலது கண்ணுக்கு மேல் மண்டை எலும்பு உடைந்திருந்தது.

நடுவில் என்ன நடந்தது என்பதை வெகு காலம் கழித்தே அவர் தெரிந்துகொண்டார். அதைப் பிறகு பார்ப்போம்.

போர்க் கைதி முகாமில் கனடா நாட்டைச் சேர்ந்த டான் எர்ரி என்ற சக கைதி, கையில் கிடைத்ததை வைத்து அவருக்கு ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார். ஷெப்பர்ட் அதை மாட்டிக்கொண்டு நடந்தார், பிறகு ஓடிப் பார்த்தார், பிறகு முகாம் முற்றத்தில் பந்து வீச ஆரம்பித்தார். இங்கே உடலின் கணக்கு ஒன்று இருக்கிறது. இடக்கைப் பிட்சர் இடது காலைப் பந்து வீசும் மேட்டின் மேல் ஊன்றி, அந்தக் காலால் உடம்பை முன்னே தள்ளி, வலது காலில் வந்து இறங்குவார். வேகம் பிறப்பது இடது காலில். உடம்பின் எடை முழுவதும் வந்து விழுவது வலது காலில். ஷெப்பர்டிடம் தள்ளும் கால் முழுசாக இருந்தது. இறங்கும் கால் மரமும் உலோகமும். ஒவ்வொரு பந்துக்கும் அந்த வெட்டுப்பட்ட இடத்தின் மேல் மொத்த உடம்பும் வந்து மோதும். 18 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும் தட்டுக்குப் பந்து நேராகப் போக வேண்டுமென்றால், அந்த மோதலில் உடம்பு அசையக் கூடாது. கால் இருந்த காலத்தில் கட்டுப்பாடு இல்லாத பிட்சர் என்று பெயர் வாங்கியவர் இதைச் செய்யப் பழகினார்.

1945 பிப்ரவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் கிரிப்ஸ்ஹோம் என்ற கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தார். புதிய செயற்கைக் காலுக்காக வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, முகாம் நிலைமையை விசாரிப்பதற்காகப் போர்த்துறை துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன் கைதிகள் சிலரை அழைத்துப் பேசினார். இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஷெப்பர்டிடம் கேட்டார். பேஸ்பால் ஆட வேண்டும் என்றார் ஷெப்பர்ட். இந்தக் காலோடா என்று பேட்டர்சன் வியந்தாலும் விட்டுவிடவில்லை. செனட்டர்ஸ் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்துடன் தொலைபேசியில் பேசினார்.

போர்க்காலப் பயணக் கட்டுப்பாட்டால் அந்த ஆண்டு அணிகள் தென் மாநிலங்களுக்குப் போகாமல் பக்கத்திலேயே பயிற்சி செய்தன. செனட்டர்ஸ் பயிற்சி செய்த கல்லூரி மைதானம் வாஷிங்டனை ஒட்டிய காலேஜ் பார்க்கில் இருந்தது. மார்ச் மாதம் ஷெப்பர்ட் அங்கே போய்ப் பந்து வீசிக் காட்டினார். கால் வெட்டப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பத்திரிகைக்காரர்களும் செய்திப்படக்காரர்களும் குவிந்துவிட்டார்கள். போரிலிருந்து கை கால் இழந்து திரும்பிய ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குக் காட்ட இப்படி ஒரு மனிதர் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டார். கிரிஃபித் அவரைப் பயிற்சியாளர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார். தினமும் பயிற்சியில் பேட்டர்களுக்குப் பந்து வீசுவது, ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் கால் இழந்தவர்களைச் சந்திப்பது, இவைதான் வேலை.

அந்தச் சந்திப்புகளின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த ஒரு பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கு ஷெப்பர்ட் நடந்து வந்து நின்ற காட்சி எதையெல்லாம் கொடுத்திருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஆனால் ஷெப்பர்ட் கேட்டது காட்சிப் பொருளாக நிற்பதை அல்ல. பந்து வீசுவதைக் கேட்டார்.

ஜூலையில் ஒரு வாய்ப்பு வந்தது. அந்த ஆண்டு நட்சத்திர ஆட்டம் ரத்தாகி, பதிலாகப் போர் நிவாரண நிதிக்காகக் காட்சி ஆட்டங்கள் நடந்தன. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை எதிர்த்து ஷெப்பர்ட் நான்கு இன்னிங்ஸ் வீசினார். வாஷிங்டன் 4-3 என்று வென்றது. காட்சி ஆட்டம் பதிவேட்டில் ஏறாது.

ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. ஹிரோஷிமாவுக்கு இன்னும் இரண்டு நாள். வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அந்த வாரம் முழுக்கவே இப்படி இரட்டை ஆட்டங்களாக வந்து விழுந்ததில் வாஷிங்டன் பிட்சர்கள் கை ஓய்ந்துபோயிருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் அணை உடைந்தது. பாஸ்டன்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். டாம் மெக்பிரைட் என்பவர் மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது ஒரே இன்னிங்ஸில் இரண்டு முறை அடித்து ஆறு ரன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு இன்னிங்ஸில் ஆறு என்பது அன்றைக்கு மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் உச்சபட்ச சாதனைக்குச் சமம்.

இந்த வெள்ளத்தின் நடுவில் மேட்டில் நின்றவர் ஜோ கிளியரி. அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர், வயது 26. மேஜர் லீக்கில் அவருக்கும் அது முதல் நாள். ஒன்பது பேருக்கு வீசினார். ஐந்து பேர் ஹிட் அடித்தார்கள், மூன்று பேர் வாக்கில் போனார்கள். அவரிடம் அவுட்டான ஒரே ஆள் எதிரணியின் பிட்சர் டேவ் ஃபெரிஸ். ஏழு ரன் கிளியரியின் கணக்கில் விழுந்தது. ஏழை ஒன்பதால் பெருக்கி மூன்றில் ஒன்றால் வகுத்தால் 189. அதன்பின் கிளியரி மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஓர் அவுட்டாவது எடுத்த பிட்சர்களில் மிக மோசமான சராசரி என்று 189.00 இன்றும் அவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மேலாளர் ஆஸ்ஸி புளூஜ் கிளியரியை வெளியே எடுத்தார். இன்னிங்ஸ் முடிய ஓர் அவுட் பாக்கி. ஆட்டம் 14-2. இதற்கு மேல் இழக்க எதுவும் இல்லை. அப்போதுதான் ஷெப்பர்டைக் கூப்பிட்டார்.

பதின்மூவாயிரம் பேர் வரை இருந்த கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. எதிரே நின்றவர் ஜார்ஜ் மெட்கோவிச், மேஜர் லீக்கில் மொத்தம் பத்துப் பருவம் ஆடிய நல்ல பேட்டர். ஷெப்பர்ட் அவரை ஸ்டிரைக் அவுட் செய்தார். பன்னிரண்டு ரன் போன இன்னிங்ஸ் அதோடு முடிந்தது.

அந்த ஓர் அவுட்டோடு புளூஜ் அவரை உள்ளே அழைத்திருந்தால், கைதட்டலுக்காகக் கொடுத்த வாய்ப்பு என்று நாமும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஷெப்பர்ட் ஐந்தாவது இன்னிங்ஸுக்கும் மேட்டுக்கு நடந்தார். ஆறாவதுக்கும். அமெரிக்கன் லீக்கில் அன்று பிட்சரும் மட்டை பிடித்தாக வேண்டும், பேஸுக்கு ஓடியாக வேண்டும். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினால் மேட்டிலிருந்து இறங்கிப் போய் எடுப்பதும் பிட்சரின் வேலைதான். ஏழு, எட்டு, ஒன்பது. கடைசி அவுட் வரைக்கும் அவரே வீசினார். நான்காவது இன்னிங்ஸில் மட்டும் பன்னிரண்டு ரன் குவித்த அதே அணி, அடுத்த ஐந்து இன்னிங்ஸில் எடுத்தது ஒரே ஒரு ரன். ஆட்டம் 15-4 என்று முடிந்தது.

பாஸ்டன் ஜெயித்தாகிவிட்ட பிறகு அலட்சியமாக அடித்தார்கள் என்று யாராவது வாதிக்கலாம். வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் போரில் இருந்தார், அது அவர்களின் முழு பலமான அணியும் இல்லை. ஆனால் பேட்டருக்கும் ஒரு வரி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தன் சராசரிதான் அடுத்த வருஷச் சம்பளம். நம் பி.எஸ். சந்திரசேகரின் வலது கை போலியோவில் மெலிந்துபோனது. 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தார். அந்தக் கையின் மேல் இரக்கப்பட்டு யாரும் அவருக்கு விக்கெட்டைக் கொடுத்துவிடவில்லை. மெட்கோவிச்சும் அப்படித்தான்.

இந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்ததை, அல்லது நடக்காததை, யோசிக்கும்போது மனசு கனக்கிறது. ஆகஸ்ட் 31 அன்று அதே மைதானத்தில், ஆட்டங்களுக்கு இடையில், ஷெப்பர்டுக்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் அணிவித்தார்கள். கூட்டம் கைதட்டியது. ஆனால் ஆகஸ்ட் 4க்குப் பிறகு அந்தப் பருவத்தில் ஒரு இன்னிங்ஸ்கூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

புளூஜ் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1944இல் கடைசி இடத்தில் முடிந்த வாஷிங்டன், 1945இல் யாரும் எதிர்பாராத விதமாக லீக் பட்டத்துக்கு மல்லுக்கு நின்றது. அவரிடம் நக்கிள்பால் வீசும் நால்வர் இருந்தார்கள்: ரோஜர் வுல்ஃப், டச் லெனர்ட், மிக்கி ஹெஃப்னர், ஜானி நிக்லிங். சுழலே இல்லாமல் காற்றில் தள்ளாடி வரும் அந்தப் பந்தை வைத்து வுல்ஃப் 20 ஆட்டமும் லெனர்ட் 17 ஆட்டமும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஆட்டமும் பட்டத்தைத் தீர்மானிக்கும் நேரத்தில், அனுபவமில்லாத ஒருவரை எந்த மேலாளரும் இறக்கத் தயங்குவார். கடைசியில் டெட்ராய்ட் 88 வெற்றி 65 தோல்வி, வாஷிங்டன் 87 வெற்றி 67 தோல்வி. ஒன்றரை ஆட்ட வித்தியாசத்தில் பட்டம் போயிற்று. கிரிஃபித் மைதானத்தை அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வாடகைக்கு விட்டிருந்ததால் செனட்டர்ஸ் தன் ஆட்டங்களை ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு டெட்ராய்ட் தோற்குமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. டெட்ராய்ட் பட்டத்தை நழுவவிடவில்லை. போரிலிருந்து திரும்பியிருந்த ஹாங்க் கிரீன்பெர்க் செப்டம்பர் 30 அன்று மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது பந்தைத் தூக்கி வெளியே அடித்துப் பட்டத்தை வாங்கிவிட்டார்.

நியாயம் சரி. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் வாஷிங்டன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டமும் தோற்ற ஆட்டமும் இல்லாமலா போயிற்று? களைத்த பிட்சருக்குப் பதிலாகக் கடைசி இரண்டு இன்னிங்ஸ் வீச ஓர் இடக்கைக்காரர் தேவைப்பட்ட நாளே வரவில்லையா? 1.69 என்ற சராசரியைக் கையில் வைத்திருக்கும் வேறு எந்தப் பிட்சராக இருந்தாலும் இன்னொரு முறை கூப்பிட்டிருப்பார்கள். ஷெப்பர்டின் விஷயத்தில் அந்த ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் என்று எவரும் பார்க்கவில்லை. நெகிழ்ச்சியான முடிவு என்று பார்த்துவிட்டார்கள். அவர் நிரூபித்துவிட்டார், கைதட்டிவிட்டோம், போதும். இதுதான் என் வருத்தம். கால் இல்லாதவர் வீசுகிறார் என்பதில் பிரமித்தவர்கள், அவர் நன்றாக வீசினார் என்பதைக் கவனிக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு போருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இடமே இல்லை. ஷெப்பர்ட் மைனர் லீக்கில் சட்டனூகா அணிக்குப் போனார். காலில் மறுபடி மறுபடி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது, பழைய வீச்சு திரும்பவே இல்லை. 1949இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பெரி அணிக்கு மேலாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். பிறகு கலிபோர்னியாவில் பொறியாளராக வேலை பார்த்தார். செயற்கைக் காலின் கணுக்கால் பகுதியைத் தானே மேம்படுத்திப் பார்த்தார். கால் இழந்தவர்களுக்கான அமெரிக்கத் தேசிய கோல்ஃப் பட்டத்தை 1968இலும் 1971இலும் வென்றார்.

இப்போது அந்த ஜெர்மன் வயலுக்கு வருவோம். விமானம் விழுந்ததும் ஆத்திரமடைந்த உள்ளூர் விவசாயிகள் கவைக்கம்புகளோடு ஓடி வந்தார்கள். நேசநாட்டு விமானங்கள் அவர்கள் நகரங்களை நாள்தோறும் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. நினைவின்றிக் கிடந்த விமானியை அவர்கள் அங்கேயே முடித்திருப்பார்கள். அந்த நேரம் ஜெர்மன் விமானப்படை மருத்துவர் லாடிஸ்லாவ்ஸ் லாய்டில் சிப்பாய்களோடு வந்து, துப்பாக்கியைக் காட்டி அவர்களைத் தடுத்து, ஷெப்பர்டை வண்டியில் ஏற்றினார். பக்கத்திலிருந்த மருத்துவமனை எதிரி விமானியைச் சேர்க்க மறுத்தது. லாய்டில் மேலதிகாரி ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, உத்தரவு வாங்கி, வேறொரு மருத்துவமனையில் சேர்க்க வைத்தார். சில நாள் கழித்து, பிழைத்தாரா என்று கேட்டும் பார்த்தார். பிறகு போர் இருவரையும் வெவ்வேறு திசையில் கொண்டுபோய்விட்டது.

ஆண்டுகள் போயின. ஹங்கேரிக்கு வேட்டைக்கு வந்திருந்த ஓர் ஆங்கிலேயரிடம் வயதான லாய்டில் இந்தக் கதையைச் சொல்ல, அந்த ஆங்கிலேயர் விடாமல் தேடி ஷெப்பர்டைக் கண்டுபிடித்தார். 1993இல், 49 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆஸ்திரியாவில் இருவரும் சந்தித்தார்கள். தன் உயிரைக் காப்பாற்றியவர் யார் என்பதே ஷெப்பர்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. தான் காப்பாற்றியவர் பிறகு மேஜர் லீக்கில் பந்து வீசினார் என்பது லாய்டிலுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஷெப்பர்ட் 2008 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் ஹைலண்டில் காலமானார். வயது 87.

ஜோ கிளியரி அவருக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே, 2004இல் மறைந்தார். அவரையும் அந்த 189ஐ வைத்து மட்டுமே நினைக்கிறார்கள். அதைவிட நல்ல குறிப்பு ஒன்று அவருக்கு உண்டு. அயர்லாந்தில் பிறந்து மேஜர் லீக்கில் ஆடிய கடைசி மனிதர் என்ற இடத்தை அவர் 73 ஆண்டுகள் வைத்திருந்தார். 2018இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த பி.ஜே. கான்லன் நியூயார்க் மெட்ஸ் அணிக்காகக் களமிறங்கிய பிறகே அந்த இடம் கைமாறியது. ஒரே மாலையில், ஒரே இன்னிங்ஸில், ஒருவர் விட்ட மேட்டில் மற்றவர் ஏறி, இருவருக்கும் அதுவே முதல் ஆட்டமாகவும் கடைசி ஆட்டமாகவும் ஆனது. 189.00, 1.69. இரண்டுமே ஒரு நாள் கணக்குதான். கிளியரிக்கும் இன்னொரு நாள் கிடைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நல்ல பிட்சர்களுக்கும் அப்படி ஒரு மாலை வாய்ப்பதுண்டு. அடுத்த வாரம் அதே மேட்டில் ஏறி அவர்கள் அதை அழித்துவிடுவார்கள்.

காலில் அடிபட்ட பிட்சர்கள் பற்றி அமெரிக்கர்களுக்கு முன்பே ஒரு கதை தெரியும். சிகாகோ வைட் சாக்ஸின் மான்டி ஸ்ட்ராட்டன் 1938இல் 15 ஆட்டம் ஜெயித்த வலக்கைப் பிட்சர். அந்த நவம்பரில் வேட்டையின்போது தன் துப்பாக்கியே வெடித்து வலது காலை இழந்தார். வலக்கைக்காரருக்கு வலது கால்தான் தள்ளும் கால். அப்படியும் 1946இல் டெக்சாஸின் ஒரு கீழ்நிலை லீக்கில் 18 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். மேஜர் லீக் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. 1949இல் அவரைப் பற்றிச் சினிமா எடுத்தார்கள், ஜேம்ஸ் ஸ்டுவர்ட் நடித்தார்.

இரண்டாவது ஆட்டமும் மூன்றாவது ஆட்டமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1944 டிசம்பரில் இத்தாலி மலைகளில் குண்டு வெடித்து இடது கால் எலும்பு சில்லு சில்லாகிப் போன லூ பிரிஸ்ஸி என்ற இளம் பிட்சர், காலை வெட்ட வேண்டாம் என்று மருத்துவர்களிடம் கெஞ்சினார். 23 அறுவைச் சிகிச்சை நடந்தது. பிலடெல்பியா அத்லெட்டிக்ஸின் முதிய மேலாளர் கானி மேக், நீ தயாரானதும் வா என்று சொல்லியிருந்தார், சொன்னபடியே 1947இல் சேர்த்துக்கொண்டார். 1948 பருவத்தின் முதல் நாளில் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து நேராக அந்தக் காலில் வந்து மோதியது. பிரிஸ்ஸி விழுந்தார், எழுந்தார், ஆட்டத்தை முடித்து ஜெயித்தார். அந்த ஆண்டு 14 வெற்றி, அடுத்த ஆண்டு 16 வெற்றியும் நட்சத்திர ஆட்டத்தில் இடமும். மொத்தம் 44 வெற்றி, 48 தோல்வி. தோல்விகள் அதிகம்தான். தோற்ற பிறகும் அவரை மறுபடி மறுபடி மேட்டுக்கு அனுப்பிய ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்த 48தான் ஆதாரம்.

பிரிஸ்ஸியும் கானி மேக்கும் அடுத்த வாரம்.